இரண்டு பேர் விண்ணப்பித்த வேலை

சீனாவில் ஒரு கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். அந்த வேலைக்கு முதலில் ஆசைப்பட்டவள் என் அக்கா.

அப்போது நாங்கள் இருவரும் படூரில் ஒரே பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தோம். அப்பா இறந்து வெகுநாளாகிவிட்டது. அம்மா அச்சரப்பாக்கம் பக்கத்தில் நாற்று நட்டுக் களை பறித்தே எங்களைப் படிக்கவைத்தவள். நாங்கள் சம்பாதிக்கத் தொடங்கியதும் மூவரும் படூருக்கு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். படிக்கிற காலத்தில் அக்கா செங்கல்பட்டில் விடுதியில் தங்கியிருந்தாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டுக்கு வரும்போது தான் படித்ததை எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். என் ஆங்கிலம் முழுக்க அவளிடமிருந்து வந்ததுதான்.

எங்கள் நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்கா அம்மாவைப்போல நல்ல கறுப்பு. நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவள், மாநிறத்துக்கும் ஒரு படி மேல். சிறுவயதில் இது எங்களுக்குள் ஒரு பேச்சாகவே இருந்ததில்லை. ஒருமுறை அக்காவைப் பெண் பார்க்க மதுராந்தகத்திலிருந்து வந்தவர்கள், காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “சின்னப் பொண்ண குடுப்பீங்களா?” என்று அம்மாவிடம் கேட்டார்கள். நான் சமையலறையிலிருந்து வெளியே வந்து, “எழுந்து போறீங்களா?” என்றேன். அவர்கள் போனபிறகு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதன்பின் பல நாள் கல்லூரியில் எல்லோரிடமும், “என் தங்கச்சி வாயாடி, வூட்டுக்கு வந்தவங்கள தொரத்திட்டா” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சீன வேலை பற்றி அவளுக்குத்தான் தெரியவந்தது. சென்னையில் ஒரு முகவர், வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர்களை அனுப்புகிறவர், ஒரு புகைப்படமும் பாடம் நடத்தும் சிறு வீடியோவும் அனுப்பச் சொல்லியிருந்தார். “நீயும் போடு. ரெண்டு பேரும் ஒண்ணா போலாம். அங்க போயி ஐஸ் கொட்றத பாக்கலாம்” என்றாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் வீடியோ எடுத்தோம். முதலில் என்னுடையதை எடுத்தாள். நான் திக்கினேன், ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்தேன், மறுபடியும் திக்கினேன். அக்கா சலிக்காமல் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, “மூச்ச வுட்டுட்டு பேசு. பசங்க எதிர்ல உக்காந்துகினு கீறாங்கன்னு நெனச்சுக்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னுடையது சரியாக வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. அவளுடையதை அந்த மங்கல் வெளிச்சத்தில் ஒரே தடவையில் எடுத்து முடித்தோம். ஒரு பிசிறில்லாமல் பேசினாள். ஆனால் படத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. “நாளைக்கு மறுபடியும் எடுக்கலாமா?” என்று நான் கேட்டேன். “எதுக்கு? பேசறதத்தான கேக்கப்போறாங்க” என்றாள்.

எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்கு ஒரு பதிலும் வரவில்லை.

நான் போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவும் செய்தேன், ஆனால் அவள் என்னைப் போகச் சொல்லுவாள் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். “லூசாடி நீ? நீ போயி அங்க எடம் பாரு. பின்னால நான் வரேன்” என்றாள். பெட்டியை அவள்தான் அடுக்கினாள். எங்கள் இருவருக்குமாக வாங்கிய ஒரே கம்பளிச் சட்டையையும் அதிலேயே வைத்தாள். விமானத்தில் உட்கார்ந்துகொண்டு, வெளிச்சம் போய்விட்டதுதான் காரணம், அடுத்த நாள் எடுத்திருந்தால் அவளுக்கும் கிடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல மாதங்கள் அதையே நம்பினேன்.

நான் போய் இறங்கியது கடலை விட்டு வெகுதூரம் தள்ளி ஒரு மாகாண நகரம். சுற்றுலாவும் உணவக நிர்வாகமும் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும். நல்ல பிள்ளைகள். முதல் வாரத்திலேயே சாப்பாட்டுக்கூடத்தில் காரமாக எது கிடைக்கும் என்று எனக்குக் காட்டினார்கள். வெயில் அடித்தால் பெண்கள் குடையோடுதான் வெளியே வருவார்கள். ஒருநாள் ஒரு மாணவி என் கையோடு தன் கையைச் சேர்த்துவைத்துப் பார்த்து, “டீச்சர், இந்தியர்கள் கறுப்பாக இருப்பார்கள் என்று நினைத்தோம். நீங்கள் அப்படி இல்லை” என்றாள். அவள் என்னைப் பாராட்டுவதாக நினைத்துத்தான் சொன்னாள். நான் சிரித்தேன். அக்காவிடம் அன்றாடம் எல்லாவற்றையும் சொல்லுகிற நான், அதை மட்டும் சொல்லவில்லை.

இரண்டாம் பருவத்தில் இன்னொரு வெளிநாட்டு ஆசிரியர் பாதியிலேயே கிளம்பிவிட்டார். ஓர் இடம் காலி. நான் துறைத் தலைவியிடம் ஓடினேன். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. குளிர் தொடங்கியபோது தன் வீட்டிலிருந்து எனக்குப் பஞ்சு அடைத்த ரஜாய் கொண்டுவந்து கொடுத்தவர். “என் அக்கா என்னைவிட நன்றாக நடத்துவாள்” என்றேன். “வீடியோவில் ஒரு வகுப்பு எடுக்கட்டும், பார்க்கிறேன்” என்றார்.

அக்கா ஒரு வாரம் தயார் செய்தாள். அன்றைக்கு நீலப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, படூர் வீட்டின் பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வகுப்பின் பெரிய திரையில் அவள் முகம் வந்ததும் பிள்ளைகள் கொஞ்சம் கசமுசாவென்று பேசிக்கொண்டார்கள். அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. தான் மாமல்லபுரத்தில் கடை வைத்திருப்பதாகவும், அவர்களெல்லாம் சுற்றுலா வந்திருப்பதாகவும் சொன்னாள். ஒரு சின்னக் கல் யானையைத் தூக்கிக் காட்டி, நம்பமுடியாத ஒரு விலையைச் சொன்னாள். பேரம் பேசிக் குறைக்கிறவருக்கு யானை.

முதலில் ஒரு பெண் எழுந்தாள். பிறகு இரண்டு பேர். பிறகு வகுப்பே எழுந்து நின்று கத்தியது. பருவம் முழுக்க என்னிடம் ஒரு சொல் பேசாத கடைசி வரிசைப் பையன் திடீரென்று, “மேடம், உங்கள் யானைக்கு ஒரு காது உடைந்திருக்கிறது! பாதி விலை!” என்று ஆங்கிலத்தில் கூவினான். அக்கா நெஞ்சில் கைவைத்து மயங்கி விழுவதுபோல நடித்தாள். துறைத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வகுப்பு முடிந்து அவர் அறைக்குப் போனேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“உண்மையைச் சொல்கிறேன். உங்கள் அக்கா உங்களைவிட நல்ல ஆசிரியர்.”

“எப்போது வரலாம்?”

அவர் தன் கோப்பையைக் கீழே வைத்தார். “பெற்றோர்கள் கல்லூரியின் இணையப் பக்கத்தைப் பார்க்கிறார்கள். தொடக்க விழாவில் வெளிநாட்டு ஆசிரியர்களை மேடையில் நிறுத்துகிறோம். உங்களைப் பார்த்தால் எந்த நாடு என்று சட்டென்று சொல்ல முடியாது. அதனால் சிக்கல் இல்லை. உங்கள் அக்காவை...” என்று நிறுத்தினார். “முதலில் உங்கள் இருவர் விண்ணப்பமும் வந்தபோதே இதைப் பேசினோம். எனக்கு வருத்தம்தான். நான் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை.”

அப்படியென்றால் வெளிச்சம் காரணமில்லை.

மதுராந்தகத்துக்காரர்களை எழுந்து போகச் சொன்ன வாய் அங்கே திறக்கவில்லை. தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அக்கா கைப்பேசியில் காத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி சொன்னாங்க?”

“ரொம்ப பிடிச்சிருந்திச்சாம்கா. ஆனா போஸ்ட் இன்னும் சாங்க்‌ஷன் ஆவலையாம்.”

“அதானா? ஆவும்போது சொல்லு.” பின்னாலிருந்து அம்மா, “கெடச்சிடுச்சா?” என்று கேட்பது காதில் விழுந்தது.

அவளைக் காயப்படுத்தக் கூடாது என்றுதான் பொய் சொன்னேன். அப்படித்தான் அன்று நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் நானும் அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். எனக்கு வர மனமில்லை. தனி அறை, ஏரிக்கரை நடை, என்னைக் கண்டதும் ஓடிவரும் பிள்ளைகள் எல்லாம் எனக்குப் பிடித்திருந்தன. அதே மாதம் அடுத்த ஆண்டுக்கும் கையெழுத்துப் போட்டேன். அக்காவின் மாமல்லபுரம் கடையைப் புதிய வகுப்புகளிலெல்லாம் நானே நடத்தினேன். நல்ல பெயர் கிடைத்தது.

அதன்பிறகு அக்காவின் பேச்சில் ஒரு மாற்றம் தெரிந்தது. எங்கள் பேச்சில் வரும் ஆங்கிலச் சொற்களை நாக்கை மடித்து அமெரிக்கர்போல உச்சரிக்கத் தொடங்கினாள். “இன்னாக்கா, ஸ்டைலா?” என்று கிண்டல் செய்தேன். அவள் பேச்சை மாற்றினாள்.

கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். மாணவிகள் எனக்குப் பரிசாகக் கொடுத்த முகப்பூச்சுப் பெட்டி ஒன்றைப் பிரிக்காமல் அக்காவிடம் கொடுத்தேன். பட்டு நாடா கட்டிய அழகான பெட்டி. அவள் கைப்பேசிக் கேமராவை எழுத்துகளின் மேல் பிடித்தாள். கைப்பேசி அதை மொழிபெயர்த்தது. உரக்கப் படித்தாள்: “இருபத்தெட்டு நாட்களில் வெண்மையான சருமம்.”

வெள்ளை என்பதற்கான சீன எழுத்து எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச எழுத்துகளில் அது ஒன்று. பெட்டியின் மேலேயே பெரிதாக இருந்தது. நான் பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்காமல் எப்படி இருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

“நல்லதாத்தான் கீது. போட்டுக்கோயேன்” என்றாள் அம்மா.

அக்கா சிரித்தாள். பெட்டியை ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

மறுநாள் இருவரும் பஸ் பிடித்து மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கடையில் வறுத்த சங்கரா மீன் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம். காற்று பலமாக இருந்தது. அக்கா முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

“அந்த போஸ்ட் இன்னா ஆச்சு? இன்னுமா சாங்க்‌ஷன் ஆவல?”

இதற்குமேல் முடியவில்லை. “அக்கா, அது அன்னிக்கே முடியாதுன்னுட்டாங்க” என்றேன்.

“ஏன்?”

சொன்னேன். துறைத் தலைவி சொன்னதை அப்படியே சொன்னேன். முதல் தடவையும் அதே காரணம்தான் என்பதையும் சொன்னேன். அவளுக்கு அந்த அம்மாள்மேல் கோபம் வரும், நானும் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது.

“ஒனக்கு எப்ப தெரியும்?”

“அன்னிக்கே.”

“தெரிஞ்சிகினுதான் ரெண்டாவது வருசத்துக்கு கையெழுத்து போட்டியா?”

“ஆமாக்கா.”

அவள் மீன் தாளைச் சுருட்டி மணலில் வைத்தாள். “அந்தம்மா சொன்னத வுடு. சின்ன வயசுலருந்து கேக்கறேன். நீ அன்னிக்கே சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதுட்டு வேலைய பாத்திருப்பேன். அந்த க்ளாஸ் ரெக்கார்டிங் அனுப்பினல்ல, அத திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்துகினு கீறேன்டி. எந்த எடத்துல தப்பா பேசினேன், எந்த வார்த்தை சரியில்லன்னு. காசு கட்டி உச்சரிப்பு க்ளாஸ் போறேன். என் இங்கிலீஷ்தான் சரியில்லன்னு நெனச்சிகினு கீறேன்.”

எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவளைத் தன் ஆங்கிலத்தையே சந்தேகப்பட வைத்துவிட்டேன். “சாரிக்கா” என்றேன். அது காற்றில் அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவள் எழுந்துபோய்க் கடலில் கையைக் கழுவிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

விடுமுறை முடிந்து கிளம்பியபோது அவள் விமான நிலையத்துக்கு வரவில்லை. ஒப்பந்தத்தை முடித்துவிட்டு நான் ஊர் திரும்பினேன். மூன்றாவது ஆண்டுக்கு அவர்கள் கேட்டார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதைப் பெரிய தியாகமாகச் சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. அனுபவிக்க வேண்டியதை அனுபவித்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது நான் கேளம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். அக்கா நாவலூரில் ஒரு அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி கொடுக்கிறாள். உச்சரிப்பு வகுப்பை நிறுத்திவிட்டாள். நாக்கை மடித்துப் பேசுவதும் நின்றுவிட்டது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கேஸ் தீர்ந்துபோனது, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று எல்லாம் பேசுகிறோம். அந்தப் பேச்சை மட்டும் அவள் எடுப்பதில்லை. நான் எடுக்கப் போனால் எழுந்துபோய்விடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, ஒன் தங்கச்சி ரெண்டு வருசம் சீனாவுல இருந்துச்சே, ஒனக்கும் ஒரு வேல பாத்துக் குடுத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டார்.

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

“பாத்துதான் குடுத்தா, ஆன்ட்டி” என்றாள் அக்கா. “அம்மாவ வுட்டுட்டு எப்டி போறதுன்னு நாந்தான் போகல.”

“அதுவும் சரிதான்” என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இல்லை, நடந்தது அப்படியல்ல என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நானும் பதிலுக்குச் சிரித்தேன்.

அவர் போனதும், “அக்கா” என்று தொடங்கினேன்.

“வெயில் ஏறிடுச்சு. மீன் வாங்கணும்னா இப்பவே போனாத்தான் உண்டு” என்று சொல்லிவிட்டு, எனக்காக நிற்காமல் அவள் மார்க்கெட் பக்கம் நடந்தாள். நான் பின்னால் போனேன்.