கண் கழுவும் தொட்டியில் கருவாட்டு வாசம்

கோழிப்பண்ணையில் கூண்டுக்கு அடியில் குந்தி எரு அள்ளியிருக்கிறேன். ஜவ்வரிசி ஆலையில் கிழங்குச் சக்கை புளித்து நாறும் தொட்டியோரம் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றிருக்கிறேன். கையில் கூமுட்டை உடைந்து முழங்கை வரை வழிந்தால், வழித்துப் போட்டுவிட்டு அடுத்த முட்டையை எடுப்பேன். அப்பேர்ப்பட்ட என்னைக் குமட்ட வைக்கவும் ஒன்று வந்தது. அதற்கு நாற்றமே கிடையாது.

குமாரபாளையம் பக்கத்தில் ஒரு கல்லூரியில், கெமிஸ்ட்ரி லேபைக் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. பேரன்களுக்கு மீசை முளைத்த பிறகு கிடைத்த உத்தியோகம். என் வீட்டுக்காரரின் தம்பி, அதாவது என் கொழுந்தனார், அதே லேபில் அட்டெண்டர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே கூடத்தில் விசைத்தறி ஓட்டினோம். அங்கேதான் ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற நாடாக் கட்டை தறியிலிருந்து தெறித்து வந்து அவருடைய இடது கண்ணைக் கொண்டுபோனது. மிச்சம் இருப்பது வலது கண் ஒன்று. அதை வைத்துக்கொண்டே ஊரில் இருக்கிற குற்றம் குறையெல்லாம் கண்டுபிடித்துச் சொல்லுவார்.

அந்த லேபில் ஒரு பெண் ஆராய்ச்சி செய்கிறாள். தறிக்கூடத்தில் கழித்துப் போடும் பருத்தி நூலை, நாங்கள் வேஸ்ட் என்போமே அதை, மூட்டையாக வாங்கி வருவாள். ஒரு திரவத்தில் போட்டுச் சூடு செய்வாள். வெல்லப்பாகில் சர்க்கரை போட்டது மாதிரி நூல் காணாமல் போய்விடும். அப்புறம் அதிலிருந்து புது நூல் இழுப்பாளாம். நூலைக் கரைத்து நூல் பண்ணவா இத்தனை வருஷப் படிப்பு என்று கேட்டேன். சிரித்தாள். கோபித்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை.

முதல் நாள் அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் கேட்டேன்.

"என்ன சாமி இது, வெளக்கெண்ணையா?"

"உப்பு ஆயா. அயனித் திரவம்னு பேரு. இந்த உப்பு அடுப்புல வெக்காமயே உருகி நிக்கும்."

"உப்புன்னா ரசத்துல ஒரு சொட்டு உட்டுப் பாக்கறது."

"ஐயோ ஆயா, வாய்க்குள்ள போனா விஷம். தோல்ல படக் கூடாது. கண்ணுல படவே கூடாது. சிங்க்குல ஊத்துனா மீனெல்லாம் செத்துரும்."

"அப்பறம் என்னத்துக்கு இதக் கட்டிட்டு அழுவறீங்க?"

"இது ஆவியாகாது ஆயா. மத்த கெமிக்கல் மாதிரி மூக்குல ஏறாது. அதுதான் இதுல நல்லது."

அவள் எதை நல்லது என்றாளோ அதுதான் எனக்கு ஆகவில்லை. நாறுகிற பொருள் வருவதற்கு முன்னாலேயே ஆள் அனுப்பிச் சொல்லிவிடும். நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்கலாம். பெட்ரோல் சிந்தினால் கொஞ்ச நேரத்தில் பறந்துபோகும். இது போகாது. காலையில் சிந்தியது சாயங்காலமும் அப்படியே பளபளவென்று கிடக்கும். மழைக்காலத்தில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக் குடித்து, வைத்ததைவிட ஊறி நிற்கும். விரலில் பட்டால் கொழகொழ. துடைத்தால் துடைத்த துணி கொழகொழ. துணியை அலசினால் வாளியின் விளிம்பு கொழகொழ. நான் அதற்கு வைத்த பெயர் சளி.

"சாமி, உங்க சளிப் பாட்டில மூடலியே" என்பேன்.

"ஆயா, நான் இப்பத்தான் சாப்ட்டுட்டு வந்தேன்" என்று வாயைப் பொத்துவாள்.

அவளாவது ஒழுங்கு. மற்ற பிள்ளைகள் நீலக் கையுறையைப் போட்டுக்கொண்டு அதைத் தொடுவார்கள். அதே கையுறையோடு கதவுப் பிடியைத் திறப்பார்கள், செல்போனைத் தடவுவார்கள், தலையைச் சொறிவார்கள். அப்புறம் வெறுங்கையால் அந்தப் பிடியைப் பிடிக்கிறவள் நான். "உறை உங்க கைக்கு. கதவுக்கு ஆரு உறை போடுவா?" என்று கேட்டால், "போங்க ஆயா" என்பார்கள். முழங்கையால் கதவைத் தள்ளித் தள்ளி என் ரவிக்கைக் கையே நைந்துபோனது.

இதற்கெல்லாம் மேலே என் கொழுந்தனார். தறிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிடி வேஸ்ட் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். எண்ணெய் சிந்தினாலும் அதுதான், கை துடைக்கவும் அதுதான், வேர்த்தால் முகத்துக்கும் அதுதான். தறியை விட்டு வந்தும் அவர் அதை விடவில்லை. அந்தப் பெண்ணின் மூட்டையிலிருந்தே தினமும் ஒரு பிடி உருவி வேட்டிக்கட்டில் செருகிக்கொள்வார். துடைக்கக் காகிதம் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருக்கிறார்கள். "காயிதத்துல தொடைக்கறதெல்லாம் வெள்ளக்காரன் வேலைங்க" என்பார். நாள்பட்ட அந்தப் பிடி கறுத்து, முடை அடித்து, செத்த எலி மாதிரி இடுப்பில் தொங்கும்.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். லேப் மூலையில் கண் கழுவுகிற தொட்டி ஒன்று உண்டு. தகட்டை அமுக்கினால் இரண்டு குழாயிலிருந்து தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும். கண்ணைத் திறந்து அதில் காட்ட வேண்டும். யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. நான் சோறு கொண்டுவருகிற தூக்குப்போசியை அதன்மேல் கவிழ்த்துப் பிடித்தால் உள்பக்கம் பூராவும் கை படாமல் கழுவிக் கொடுத்துவிடும். தினமும் மதியம் அங்கேதான் கழுவுவேன்.

"ஆயா, அது கண்ணுக்கு."

"ஆரு கண்ணும் கெடலியே சாமி. சும்மாதானே நிக்குது."

அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. போசியைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். தொட்டியின் சல்லடையில் நாலு முள்ளும் சோற்றுப் பருக்கையும் ஒட்டிக் கிடந்தன. அந்தப் பெண் எடை போடுகிற அறைக்குப் போயிருந்தாள். மேசைமேல் ஒரு குடுவை சாய்ந்து சளி வழிந்துகொண்டிருந்தது. நான் அவளைக் கூப்பிட்டேன். அதற்குள் கொழுந்தனார் இடுப்பிலிருந்து வேஸ்ட்டை உருவி ஒரே வழியாக வழித்தார். திரும்ப இடுப்பிலேயே செருகினார்.

"கருமம், அதத் தூக்கிப் போடுங்க கொழுந்தனாரே!"

"போடலாம் இருங்க, இன்னும் ஒரு தொடை தொடைக்கும்."

அந்த நேரம் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. முப்பது வருஷத்துக் கை, சொன்னால் கேட்குமா? வேஸ்ட்டை உருவி நெற்றியிலிருந்து தாடை வரை முகத்தை அழுந்தத் துடைத்தார்.

அடுத்த மூச்சில் கத்தினார். "அண்ணீங்க, என்ற கண்ணு!"

கசக்கப் போனார். நான் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் ஓடி வந்து, பார்த்து, வெளிறிப்போய்க் கத்தினாள். "தேய்க்காதீங்க தாத்தா! ஆயா, தொட்டிக்குக் கூட்டிட்டு வாங்க!"

பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் முகத்தைத் தொட்டிமேல் அமுக்கினேன். அவள் தகட்டை அமுக்கினாள். தண்ணீர் பளிங்கு மாதிரி பீய்ச்சியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினார். அவள் எனக்குக் கையுறை மாட்டிவிட்டாள். நான் அவருடைய இமையை விரலால் பிரித்துப் பிடித்தேன். உள்ளே ரத்தமாகச் சிவந்திருந்தது. மூக்கு ஒழுகி, எச்சில் ஒழுகி, எல்லாம் என் முழங்கையில் வழிந்தது. கீழே சல்லடையில் கருவாட்டு முள் மிதந்தது.

"அண்ணீங்க, என்ன இது நாத்தம்? மருந்தா?"

"ஆமாங்க, மருந்துதான். மூச்சப் புடிச்சுக்கங்க."

"கருவாடு நாறுதுங்க!"

"கால் மணி நேரம் கழுவோணும் ஆயா, விட்ராதீங்க" என்று அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள். இடுக்கியால் அந்த வேஸ்ட்டை அவர் இடுப்பிலிருந்து எடுத்து மூடி போட்ட டப்பாவில் போட்டாள். அது உரசிக் கிடந்த இடமும் சிவந்து தடித்திருந்தது. வேட்டியை மாற்றச் சொல்லி, அங்கேயும் தண்ணீர் ஊற்றினாள்.

நடுவில் கரண்ட் வந்தது. தலைக்குமேல் ட்யூப் லைட் எல்லாம் எரிந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளிருந்து கேட்டார்.

"கரண்ட் வந்துருச்சுங்களா?"

என் கைக்குள் அவர் கண் திறந்துதான் இருந்தது.

"இன்னும் வரலீங்க" என்றேன்.

பாட்டிலில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாளையும் எடுத்துக்கொண்டு, கல்லூரி வேனில் ஈரோட்டுக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் தாளைப் படித்தார், கண்ணைப் பார்த்தார். உடனே கழுவியதால் கருவிழி தப்பியிருக்கலாம், கட்டுப் பிரித்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். ஒரு கண் ஏற்கெனவே இல்லை, மறு கண்ணில் கட்டு. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். வீடு சேர்ந்ததும் கேட்டது ஒன்றுதான். "கண்ணில்லாதவன அட்டெண்டரா வெச்சுக்குவாங்களா அண்ணீங்க?"

அவர் வராத நாட்களில் மாடி லேபில் இருந்த கண் தொட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். யாரும் தொடாமல் வைத்திருந்தது. அமுக்கியதும் துருத் தண்ணீர் கக்கியது. அதோடு கரப்பான் காலும் ஏதோ நூலாம்படையும் வந்தன. அதில் ஒரு கண்ணைக் காட்டியிருந்தால்? எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வாரம் ஒருமுறை எல்லாத் தொட்டியையும் ஓடவிடும் வேலையை என் தலையில் கட்டினார்கள். 'பாத்திரம் கழுவக் கூடாது' என்று பலகையும் மாட்டினார்கள். மாட்டியிருக்கவே வேண்டாம், அந்தத் தொட்டியில் ஒழுகியதையெல்லாம் பார்த்தபின் என் போசியை அங்கே கொண்டுபோவேனா?

கட்டுப் பிரித்ததும் வேலைக்கு வந்துவிட்டார். இடுப்பில் வேஸ்ட் இல்லை. "நல்லாத் தெரியுதுங்க" என்றார். நான் நம்பவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து, தெரியாததையும் தெரியுது என்கிற ஆள். இரண்டு விரலைக் காட்டினேன். "ரெண்டு" என்றார். நான் எப்போதும் இரண்டு விரல்தான் காட்டுவேன் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு பக்கமாக நின்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் வேப்பமரத்தடியில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குத் தயிர்ச்சோறு. ஒரு வாய் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

"நில்லுங்க அண்ணீங்க. சோத்துல முடி கெடக்குது."

குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"அந்தா, ஓரத்துல. வெள்ள முடிங்க. உங்குளுதுதான்."

விரலால் துழாவினேன். வெள்ளைச் சோற்றுக்குள்ளிருந்து வெள்ளை முடி ஒன்று நீளமாக, தயிர் சொட்டச் சொட்ட வந்தது. எனக்கு அழுகை வந்தது, ஓங்கரித்துக்கொண்டும் வந்தது.

"தலையக் கட்டீட்டு ஆக்கோணும்ங்க. அசிங்கம்" என்றார்.

சந்தோஷம்தான். அதற்காக முடி விழுந்த சோற்றைத் தின்ன முடியுமா? எழுந்துபோய் நாய்க்குக் கொட்டிவிட்டு, அவர் போசியிலிருந்து பாதியைப் பிடுங்கித் தின்றேன்.