இளைத்த மாப்பிள்ளைக்கு கேட் திறக்கவில்லை!

மூத்த பேத்தி கவிதா நெட்டோட்டத்தில் மெடல் வாங்கிவிட்டாள்!

அவள் தம்பி சரவணன் எஞ்சினியர் ஆகிவிட்டான். வேலையும் கிடைத்துவிட்டது!

சின்ன மகளின் மகன் தினேஷ், மெர்லிமாவில் ஜிம்முக்குப் போய் இருபது கிலோ குறைத்துவிட்டான்!

(கண் பட்டுவிடப் போகிறது. கமெண்டில் எல்லாரும் தூ தூ என்று துப்பிவிட்டுப் போங்கள்.)

நேற்று அந்த தினேஷ் என் வீட்டு கேட் முன்னால் வந்து நின்றான்.

"யாருப்பா? தண்ணி மீட்டர் பாக்க வந்தியா?"

"பாட்டி, நான் தினேஷ்லா!"

"எங்க தினேஷு குண்டா இருப்பான். நீ போப்பா."

குரலை வைத்துத்தான் கடைசியில் பூட்டைத் திறந்தேன். திறந்தபின் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இளைத்துப்போய் கேட்டில் மாட்டிக்கொண்ட முதல் ஆள் இவனில்லை. என் சித்தப்பா மாணிக்கம்!

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். பாயா ரும்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி, ஒரே ஒரு கேட். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடும் என்று, ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வீட்டுக்கே அரிசி ரேஷன்தான்.

அந்த ரேஷனிலும் சித்தப்பா குண்டு! எப்படி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது, கேட் காவல்காரர் பாக் ஹசான் (மலாய்க்காரர்; பாக் என்றால் ஐயா மாதிரி) சித்தப்பாவின் வயிற்றை மட்டும் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார்.

"அரிசி எங்க?"

"உள்ளதான் இருக்கு பாக். நேத்து சாப்பிட்டது!"

ஒருநாள் இதை புக்கிட் காத்தில் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். அவர்தான் தன் மகள் பார்வதியைச் சித்தப்பாவுக்குக் கொடுப்பதாக இருந்தவர்.

"ஊரே கஞ்சி குடிக்கிது. இவரு மட்டும் இப்படி இருக்காரே! எம்பொண்ணு ரேஷனையும் சேத்துல்ல தின்னுடுவாரு? இளைச்சா கல்யாணம். இல்லன்னா வேற எடம் பாத்துக்குங்க."

சித்தப்பா ஆடிப்போய்விட்டார். பார்வதியை விட்டால் கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர். (திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்ததற்கே இந்தப் பாடு!)

அன்றே தொடங்கியது டயட். காலையில் பால் இல்லாத கோப்பி. மத்தியானம் மரவள்ளி இலைக் கீரை. சாயங்காலம் இரண்டு பால் வாளியில் தண்ணீர் நிரப்பி, தோள்கம்பில் தொங்கவிட்டுக்கொண்டு லயத்தைச் சுற்றி ஓட்டம்.

என் அப்பா வாசலில் நின்று விரட்டுவார். "ஓடுடா! ஒனக்குப் பொண்ணு வேணுமா, சோறு வேணுமா?"

"ரெண்டும் வேணும்ணே!"

பாவம், அழாத குறை. ஆனால் இளைத்தாரே! கல்யாணம் நெருங்கும்போது அவர் சட்டைக்குள் இன்னொரு சித்தப்பாவை நுழைக்கலாம் போலிருந்தது. பெண்ணின் அப்பா வந்து பார்த்து, தலையாட்டி, நாள் குறித்துவிட்டுப் போனார்.

கல்யாணம் பெண் வீட்டுப் பக்கம். காலையில் லாரியோடு பெண்ணின் அப்பா கேட்டுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே தலைப்பாகையும் மாலையுமாகச் சித்தப்பா. பத்தரைக்குள் முகூர்த்தம்!

வேலைக்குப் போகும்போது கங்காணி தலையை எண்ணி அனுப்பிவிடுவார். வெளியூர் போனால்தான் அடையாளக் கார்டு காட்டவேண்டும். பாக் ஹசான் கார்டைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். மறுபடி கார்டு.

"இது வேற ஆளுலா!"

"நான்தான் பாக்! மாணிக்கம்! நீங்க தெனமும் வயித்த அமுக்குவீங்களே!"

"அந்தக் குண்டன் வேலைய விட்டுப் போயி ரொம்ப நாளாச்சி. நீ யாரு?"

அவருக்குச் சித்தப்பாவின் வயிறுதான் பழக்கம். முகத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை!

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஓடிவந்து சாட்சி சொன்னார். எடுபடவில்லை.

"கன்னத்த உப்பிக் காட்டுடா!" என்றார் அப்பா.

சித்தப்பா மூச்சைப் பிடித்துக் கன்னத்தை உப்பினார். பாக் ஹசானுக்கு முகம் தெளிந்தது. "ஆ, இப்ப கொஞ்சம் சரி. பேரு என்ன?"

வாயைத் திறந்தால் காற்று போய்விடுமே! சித்தப்பா "ம்ம்ம்" என்றார்.

"ஊமையா? மாணிக்கம் நல்லா பேசுவானே!"

முடிந்தது கதை. பெண்ணின் அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். "நாந்தானே இளைக்கச் சொன்னேன்!" என்றவர், லாரியைத் திருப்பிக்கொண்டு பெண்ணையும் பூசாரியையும் அழைத்துவரப் பறந்தார்.

வந்ததும் பூசாரி கம்பி வழியாகவே தாலி கட்டலாம் என்றார். நாங்கள் உள்ளே, அவர்கள் வெளியே. என் அத்தை அட்சதைத் தட்டைத் தூக்கியதும் பாக் ஹசான் பாய்ந்து வந்தார்.

"அரிசி வெளிய போகக்கூடாது! தாக் போலே!"

"இது ஆசீர்வாதம் பாக்!"

"ஆசீர்வாதம் போகலாம். அரிசி போகக்கூடாது!"

அதுவரை குனிந்த தலை நிமிராத பார்வதி லாரியிலிருந்து குதித்தாள்.

"எதுக்கு இந்தக் கூத்து? எங்கார்டுல எம்மூஞ்சி சரியாத்தானே இருக்கு? நான் உள்ள வாரேன்!"

கார்டை நீட்டினாள். வந்துவிட்டாள்! பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி ஏறியது.

இனி என்ன செய்வது? கார்டில் போட்டோ மாற்ற டவுனுக்குப் போகவேண்டும். டவுனுக்குப் போக கேட்டைத் தாண்டவேண்டும். கேட்டைத் தாண்ட கார்டு போட்டோ போல இருக்கவேண்டும்! கங்காணி எண்ணி அனுப்பினாலும் பாக் ஹசான் இனி விடமாட்டார், அதுவரை வெளியே மரம் வெட்ட முடியாது என்று கிராணி அவரை உள்ளே ஸ்டோரில் போட்டார்.

கடைசியில் எங்கள் சித்தியாகிவிட்ட பார்வதிதான் வழி கண்டுபிடித்தார். தன் ரேஷனையும் சேர்த்துப் பொங்கிப் போட்டு, போட்டோவில் இருந்த குண்டு முகம் திரும்பி வரும்வரை சித்தப்பாவை ஊட்டி வளர்த்தார்!

ஒருநாள் பாக் ஹசான் கார்டைப் பார்த்து, வயிற்றை அமுக்கி, வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்: "மாணிக்கம்! எங்க போயிருந்த இவ்ளோ நாளா?"

அதனால் தினேஷு, உன் ஐடியில் இன்னும் அந்தப் பழைய குண்டு மூஞ்சிதான் இருக்கிறது. பாட்டி சொல்கிறேன், இன்றைக்கே ஒரு புதுப் போட்டோ எடுத்துப் போடய்யா!