பிசிறு என்று நினைத்து வெட்டிய நூல்

தூங்கும் குழந்தையின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று ஒரு தாய் எத்தனை முறை பார்த்தால் போதும்? எட்டு மாதமாகியும் எனக்கு விடை தெரியவில்லை. என் மகள் மகிழா மாதம் நிறையும் முன்பே பிறந்தவள். கல்யாணமாகிச் சாத்தான்குளத்திலிருந்து திருப்பூர் வந்த எனக்கு, இப்போது முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் வேலை. குறைமாதக் குழந்தைகளின் இதயத்துடிப்பையும் மூச்சையும் அளந்து, மாற்றம் தெரிந்தால் போனில் எச்சரிக்கும் பின்னல் சட்டை செய்கிறோம். மருத்துவத் தரம் என்பதால் தலையில் தொப்பி, கையில் உறை. உள்ளே பனியன் கம்பெனிகளில் கேட்கும் அதே ஓவர்லாக் தையல் மெஷின் சத்தம். ஆபரேஷன் தியேட்டரில் பனியன் தைப்பது போலிருக்கும்.

இயற்பியல் படித்தவள் நான். ஆனாலும் இந்த ஊர் எனக்கு முதலில் கற்றுத் தந்தது பிசிறு வெட்டுவதைத்தான். முன்பு வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் பீஸ் திரும்பி வரும். இரண்டு வருடத்தில் கண்ணுக்கு முன் கை ஓடப் பழகிவிட்டது.

போன வாரம், சட்டைக்கு ஒப்புதல் தர வேண்டிய குழந்தைகள் டாக்டரம்மா பார்வையிட வருவதற்கு முந்தைய நாள், பன்னிரண்டு மாதிரிச் சட்டைகளும் திரையில் எதுவும் காட்டாமல் ஊமையாகிவிட்டன. அவர் சரியென்றால்தான் வீட்டில் அணிந்து பார்க்கும் குழந்தைகளின் பட்டியலில் மகிழா சேர முடியும். பாவம், எங்கள் இன்ஜினியர் காலையெல்லாம் சட்டையில் பொருத்தும் தன் கருவியையே கழற்றிக் கழற்றி மாட்டினார். நான் சட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். துடிப்பைக் கடத்திக் கருவியோடு இணைப்பதற்காக விரல் நீளம் விட்டிருந்த வெள்ளி நூல் எதிலும் இல்லை. சொல்லலாமா, வேலை போய்விடுமா என்று அரை மணி நேரம் தவித்துவிட்டு, சூப்பர்வைசர் ஈஸ்வரி அக்காவிடம் போனேன்.

“அக்கா, நான்தான் வெட்டிட்டேன். பிசிறுன்னு நெனைச்சிட்டேன்.”

“ஏனுங்க, பன்னெண்டையுமா?”

“ஆமாக்கா. சுத்தமா.”

அவர் ஒரு சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். “சாத்தான்குளம்னு இனி யாருகிட்டயும் சொல்லாதீங்க கண்ணு. அசல் திருப்பூர்க்காரியே ஆயிட்டீங்க! வாங்க, பிரிச்சுத் தைப்போம்.”

தைத்தோம். மறுநாள் டாக்டரம்மா முன்னால், கம்பெனிக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகிழாவைத் தூக்கி வந்து சட்டையை மாட்டினேன். ஒரு நொடி ஒன்றுமில்லை. அடுத்த நொடி திரையில் பச்சைக் கோடு துள்ளியது. என் மகளின் இதயம்! எல்லோரும் கைதட்ட, அவள் பயந்து அழ, கோடு இன்னும் வேகமாகத் துள்ளியது. ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். “ஏட்டி, பிள்ளைக்கு இம்புட்டு வேகமாவா அடிக்கும்?” என்று அம்மா பதறினாள். “சின்னக் குழந்தைக்கு அப்படித்தாம்மா அடிக்கும்” என்று டாக்டரம்மா சிரித்தார். பட்டியலில் மகிழா சேர்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது கையில், திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ஒரு படிவம். எச்சரிக்கை இரண்டு போன்களுக்கு வரும். ஒன்று என்னுடையது. கணவர் வேலை பார்க்கும் சாயப்பட்டறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. இரண்டாவது எண்ணாக அம்மாவுடையதை எழுதினால் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள், ஆனால் வந்துசேர ஒரு பகல் ஆகும். ஈஸ்வரி அக்கா வீடு அடுத்த தெரு. இரண்டு நிமிடத்தில் வந்துவிடுவார். எழுதி எழுதி அடிக்கிறேன். ஊரை விட்டு வந்து பிள்ளை வளர்ப்பவர்களே, நீங்கள் யார் எண்ணை எழுதியிருப்பீர்கள்? திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள்.