பியூரெட் முனையில் ஒரு குமிழி

என் அத்தை மகள் மறையூரிலிருந்து வந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கியபோது, அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியவள் நான்தான். மலையாளப் பக்கம் எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளியில் பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப்பில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்திருந்தது. ஒரே வயது. என் படிப்பு மேசையில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன். அந்தப் பாதி மேசையைப் பார்த்துப் பார்த்து இரண்டு வருஷம் வயிறெரிந்தேன்.

பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் நான்தான் முதல். பிளஸ் ஒன்னில் புத்தகம் இங்கிலீஷ், மாஷ் என்று நாங்கள் கூப்பிடுகிற வாத்தியார் விளக்குவது மலையாளம், நாங்கள் யோசிப்பது தமிழ். அந்த இடியாப்பச் சிக்கலில் எல்லோரும் தடுமாறினார்கள், அவளும்தான். எழுத்துப் பரீட்சையில் என்னை அவளால் தாண்ட முடியவில்லை. ஆனால் கெமிஸ்ட்ரி லேபுக்குள் நுழைந்தால் நான் எங்கே, அவள் எங்கே.

டைட்ரேஷன் என்று ஒன்று உண்டு. பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயில் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை நிரப்பி, கீழே குடுவையில் இருக்கும் சூடான ஆக்சாலிக் அமிலத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுகிற ஊதா எல்லாம் நிறமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் ஒரு சொட்டு போகாமல் இளஞ்சிவப்பாக நிற்கும். அங்கே அடியில் இருக்கும் திருகைத் திருப்பிக் குழாயை மூட வேண்டும். எனக்கு அது எப்போதும் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறத்தில்தான் நின்றது. அவளுக்கு நகத்தின் நிறத்தில் நின்றது. மாஷ் அவள் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “கண்டோ? இதாணு எண்ட் பாயின்ட்” என்று வகுப்புக்கே காட்டுவார். நான் என் பீட்ரூட்டைத் தொட்டியில் கொட்டுவேன்.

எப்படி நிறுத்துகிறாய் என்று ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“எங்க ஆலைல பாகு பதத்துக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலயே தீய இழுத்துருவாங்க புள்ள. வந்ததுக்கப்புறம் இழுத்தா கருகிப்போயிரும். சின்னதுலயிருந்து அதத்தான பாத்துட்டிருக்கறேன்.”

வெல்லம் காய்ச்சுகிற வீட்டில் பிறந்ததால் அவளுக்குக் கண் இருக்கிறது. எங்களுக்கு இருப்பது தென்னந்தோப்பு. தென்னை மரத்தைப் பார்த்து என்ன பதத்தைக் கற்றுக்கொள்வது? தேங்காய் விழும்போது விழும். அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம், நாம ஏன் கரும்பு போடறதில்ல என்று சண்டைக்குப் போனேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்பாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உர மூட்டையில் எழுதியிருப்பதை அவர் என்னிடம்தான் படித்துக் காட்டச் சொல்வார். ஒரு நாள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்து, “ஏங்கண்ணு, இதுல பொட்டாஷ் எவ்வளவு போட்டிருக்குது பாரு” என்று அவளைக் கூப்பிட்டார். நான் வாசப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா வேறு, “அந்தப் புள்ளயப் பாரு, வந்ததும் யூனிபார்மத் தொவச்சுப் போட்டுட்டுப் படிக்க உக்காருது” என்று நாள் தவறாமல் நெய் ஊற்றினாள்.

அவளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அது எனக்குத் தெரியும் என்பதை மறைக்கப் போவதில்லை. ஸ்பீக்கர் போட்டிருந்த போனில் அவள் அப்பா சொன்னார்: “கெமிஸ்ட்ரில ஏ பிளஸ் வாங்கினா கோயமுத்தூர் காலேஜு. இல்லீன்னா வந்து நம்ம காந்தலூர்த் தோட்டத்தப் பாக்கட்டும்.” போனை வைத்துவிட்டு அவள் கெமிஸ்ட்ரி ரெக்கார்டை எடுத்து விரித்தாள்.

பிளஸ் டூ பிராக்டிகல் பரீட்சை வந்தது. வெளிப் பள்ளியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். பலகையில் ‘பேசக்கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ரோல் நம்பர்படி ஒரே மேசை, எதிரெதிர்ப் பக்கம். அவள் அவசரப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். பியூரெட்டை மளமளவென்று நிரப்பினாள், அளவு குறித்தாள். அடியில், திருகுக்குக் கீழே முனையில், ஊதாவுக்கு நடுவில் ஒரு காற்றுக் குமிழி நின்றிருந்தது.

முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தது அது. குமிழி பாதியில் வெளியேறினால் அந்த இடத்தை நிரப்பிய திரவமும் குடுவையில் விழுந்ததாகக் கணக்காகும். அளவு தப்பாகும், விடையும் தப்பாகும். அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இருமியிருக்கலாம். என் பியூரெட் முனையை விரலால் தட்டிக் காட்டியிருக்கலாம். பேசக்கூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டு அந்தக் குமிழியையே வெறித்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. என் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கண் போன இடத்துக்கு அவள் கண்ணும் போனது. ஒரு நிமிஷத்தில் குழாயை முழுக்கத் திறந்து குமிழியை வெளியேற்றி, மறுபடி நிரப்பிவிட்டாள். நான் குனிந்து பார்த்தால் என் குடுவையில் பீட்ரூட். ஒத்த அளவு கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதை, மீதியிருந்த நேரத்தில் ஒரு தடவைதான் செய்ய முடிந்தது. மற்ற அளவுகளை உத்தேசமாக எழுதி வைத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ கண்ணக் காட்டலீன்னா நான் போயிருப்பேன் புள்ள. உன்றத உட்டுப்போட்டு எனக்காகப் பாத்துட்டு நின்னியே.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றேன். அதைவிட உண்மையான வார்த்தையை நான் அவளிடம் பேசியதில்லை. அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

ரிசல்ட்டில் அவளுக்கு ஏ பிளஸ், எனக்கு வெறும் ஏ. அவள் சொன்ன கதையைக் கேட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா என் தலையில் கை வைத்து, “எம்பட புள்ளைக்கு மார்க்குப் போனாப் போவுது, மனசு இருக்குது” என்றார். இரண்டு வருஷமாக அந்தக் கைக்குத்தான் ஏங்கியிருந்தேன். அது தலையில் இருக்கும்போது ஏன் வாயைத் திறப்பேன்?

இப்போது அவள் கோயம்புத்தூரில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் இருக்கிறாள். போன மாதம் கூட வேலை செய்கிற பெண்ணோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அந்தப் பெண்ணிடம், “நாஞ் சொல்லுவனே, கண்ணக் காட்டினவ, அவதான் இவ” என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “இல்ல புள்ள?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளமே இல்லை. அதுவும் எனக்கு வராத ஒன்று, அதற்கும் வயிறெரிந்தது.

பேசக்கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, காபி கலக்க உள்ளே போனேன்.