அழகாகச் சுற்றிய கயிறு

கதிரேசன் கயிறு வைக்கிற விதத்தைப் பார்த்தால் யாரும் முகம் சுளிப்பார்கள். சுற்ற மாட்டான், மடிக்க மாட்டான். அரிசிச் சாக்கின் அடியில் ஒரு நுனியைப் போட்டு, அதன்மேல் முழம் முழமாகத் திணித்துக்கொண்டே போவான். மறு நுனியைச் சாக்கு வாயில் கட்டிவிட்டால் தீர்ந்தது. பார்க்கக் குப்பை மூட்டைதான். ஆனால் நுனியைப் பிடித்து இழுத்தால் குழாயில் தண்ணீர் வருவதுபோல ஒரு சிக்கில்லாமல் வரும். கூடுவாஞ்சேரி அடுக்குமாடிகளில் அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டுதான் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்தான்.

அவன் மனைவி காமுவுக்கு அந்தச் சாக்கு கண்ணை உறுத்தியது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் கயிற்றை வெளியே இழுத்து, சோப்புப் போட்டு அலசினாள். மொட்டை மாடியில் காயவைத்து, உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்தாள். கடையில் வாங்கின புதுக் கயிறு மாதிரி இருந்தது.

அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் கயிற்றில் முறுக்கு ஏறும், வீசும்போது தன்னையே பின்னிக்கொள்ளும் என்பது கதிரேசனுக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். "சூப்பரா கீது" என்று சொல்லிவிட்டான். மழைக்காலத்தில் வெளிச்சுவர் வேலை ஏது? வேலை தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று பரணில் தூக்கிப் போட்டான். சோம்பேறித்தனம், வேறென்ன சொல்ல.

மழை வந்தது. ஏரி நிரம்பி, மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் தெருவே ஆறாக ஓடியது. பக்கத்து வீட்டு அப்பாதுரை ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியைக் காப்பாற்றப் போனவரை வெள்ளம் இழுத்தது. தெருமுனைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கதிரேசா, கயிறு போடுப்பா!" கதிரேசன் பரணிலிருந்த கயிற்றோடு மாடிக்கு ஓடி, அதன் நடுக்கட்டை அவிழ்த்து வீசினான். கயிறு பாதி வழியிலேயே உருண்டையாகி, அவர் கைக்கெட்டாமல் தண்ணீரில் விழுந்தது. இழுத்துச் சிக்கெடுத்தான். ஒன்றை அவிழ்த்தால் இரண்டு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தபோது கம்பம் மட்டும் இருந்தது.

தெரு சும்மா இருக்குமா? கயிற்றையே பிழைப்பாக வைத்திருக்கிறவனுக்குச் சமயத்தில் ஒரு கயிறு வீசத் தெரியவில்லை என்று காதுபடவே பேசினார்கள். காமுவே ஒருநாள் ஆற்றாமையில் கேட்டாள்: "இன்னாய்யா தொழில் பண்ற நீ? கூடப்பொறந்த அண்ணன் மாதிரி இருந்தாரு. ஒரு கயிறு ஒழுங்கா போடத் தெரியல உனக்கு?"

அப்பாதுரையின் மனைவி சாராள் தினமும் காமுவின் தோளில் சாய்ந்துதான் அழுதாள். உண்மை தெரிந்தால் அந்தத் தோளும் அவளுக்கு இல்லாமல் போய்விடும். திட்டெல்லாம் தன்மேலேயே விழட்டும் என்று இருந்துவிட்டான் பாவி.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. காமு கயிற்றை அலசிக் காயவைத்து, முழங்கையில் சுற்ற ஆரம்பித்தாள். கதிரேசன் பாய்ந்து வந்து பிடுங்கினான்.

"சுத்தாத!"

எதற்கு இந்தக் கத்தல் என்று அவள் திகைத்தாள். அவன் சாக்கை விரித்துத் திணிக்கத் தொடங்கினான். காமு அந்தச் சாக்கையும் தன் முழங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கு வீசினது... நான் சுத்தி வெச்சதா?"

"பாத்துட்டு சும்மா இருந்தது நானு" என்றான்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சாராளின் குரல் வந்தது. "காமு, பொரி எடுத்து வெச்சியாடி? அவரு படத்துக்கு முன்னாடி வெக்கணும். உன் பூஜைப் பொரின்னா அவருக்கு உசுரு."

காமு வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கதிரேசன்தான், "வெச்சிருக்காக்கா, எடுத்துனு வரேன்" என்று சத்தம் கொடுத்தான்.