தூளியில் வேப்பிலை

எங்கள் சிநேகிதர் கார் வாங்கிய கோடையில், குமுளிக்கு மேலே அவருக்கு ஏலத்தோட்டம் இருந்த மலைக்கிராமத்துக்கு இரண்டு குடும்பமாகப் போய்வருவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர்கள் ஆண்கள். அவரும் என் கணவரும் உத்தமபாளையத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். அவருடைய மனைவி என்னோடு ஆசிரியப் பயிற்சி முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே தோழி. வெகுகாலம் கோயில் கோயிலாகச் சுற்றி, அப்போதுதான் முதல் தடவையாக உண்டாகியிருந்தாள்.

என் மகனுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. உடம்பெல்லாம் வேர்க்குரு. அதைச் சொல்லியே வரவில்லை என்றிருக்கலாம். மலைக்காற்று பட்டால் அமுங்கிவிடும் என்று கணவர் சொன்னார். அதுவும் சரியாகத்தான் பட்டது. போகாவிட்டால் அவருடைய நண்பருக்கு மனவருத்தம். போனால் பிள்ளைக்கு அலைச்சல். கிளம்பும் காலை வரை இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

யார் எதைச் சொன்னாலும் அதைச் செய்துவிடுவது என் வழக்கம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னபடி வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைத்து அவன் நெற்றியிலும் கழுத்திலும் பூசினேன். மாமியார் சொன்னபடி தூளிக்குள் வேப்பிலையைப் பரப்பினேன். காரின் கூரைக்கம்பியில் பழைய சேலையால் தூளி கட்டியபின், ஈ அண்டாமலிருக்க அதன் ஓரத்தில் இரண்டு கொத்து வேப்பிலையையும் செருகினேன். கட்டும்போது சேலையை இழுத்துப் பிடித்தவள் என் தோழிதான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கண்ணுக்கு அந்தக் கார் எப்படித் தெரியும் என்று படித்த எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

கம்பம் தாண்டும்வரை அனல். கூடலூருக்கு மேல் மலைப்பாதை ஏற ஏறக் காற்று மாறியது. வளைவுகளில் தோழிக்குக் குமட்டியது. என் தோளில் சாய்ந்துகொண்டு, தனக்குப் பிறப்பது பெண்ணாயிருந்தால் என் மகனுக்கே கட்டிவைத்துவிடுவதாகச் சொல்லிச் சிரித்தாள். திருவிதாங்கூர்ச் சுங்கச் சவுக்கையில் காரை நிறுத்தியவர்கள் மூட்டைகளைத்தான் கிளறினார்கள். தூளியைப் பார்க்கவில்லை.

கிராமத்து எல்லையில் பாதைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் தொங்கியது. மாரியம்மனுக்குத் திருவிழா சாட்டியிருந்தார்கள். கீழேயிருந்து மலையேறிக் குடியமர்ந்தவர்கள் அங்கே அதிகம்; திருவிழாவும் அவர்களோடு ஏறியிருந்தது. ஏலக்காய் பறிக்கும் காலத்தில் மட்டும் வந்துபோகிற சிநேகிதருக்கு இது தெரியாது. அவர் வேகத்தைக் குறைத்தபோது, குடத்தோடு வந்த ஒரு பெண் காருக்குள் எட்டிப் பார்த்தாள். வேப்பிலை, மஞ்சள் முகம், அதில் சிவப்புச் சிவப்பாகப் பொரிப்பொரியாக. குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் மகனைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிட்டது. நாட்டாமை என் கணவரிடம் பணிவாகவே பேசினார். சாட்டிய ஊருக்கு அம்மனே வந்திருக்கிறாள். திருப்பி அனுப்பினால் தாயை விரட்டிய பாவம் ஊருக்கு. உள்ளே விடலாம் என்றால் பிள்ளைகுட்டிகள் இருக்கிற இடம். அதனால் கார் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்றார். இரண்டு பேர் ஒரு கல்லை உருட்டிவந்து பின்சக்கரத்துக்கு அணை கொடுத்தார்கள். அதையும் மரியாதையாகத்தான் செய்தார்கள்.

இது வெறும் வேர்க்குரு என்று நான் சொன்னேன்.

குடத்தை இறக்கி வைத்தவள் சொன்னாள்: “ஆத்தா வந்த வீட்ல எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக, தாயி.”

அந்தப் பேச்சு என்னை உலுக்கியது. அம்மை வராமலிருக்க அவனுக்கு அம்மை குத்தியும் பிடிக்கவில்லை. கொப்புளம் எழும்பவே இல்லை. மறுபடி குத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அப்படியானால் இது வேர்க்குரு என்று எனக்கு எப்படித் தெரியும்? நெற்றியைத் தொட்டேன். சூடாக இருந்தது. என் கையும் சூடாகத்தான் இருந்தது.

தோழி மெதுவாகக் கேட்டாள். “அம்ம குத்துனது அவனுக்குப் பிடிச்சிருச்சுல்ல?”

பொய் சொல்லியிருக்கலாம். “பிடிக்கல” என்றேன்.

கதவைத் திறந்து இறங்கினாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒரு பலாமரத்தடிக்குப் போய் முகத்தைத் திருப்பி நின்றாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் இறங்கியிருப்பேன். கூப்பிடலாமா என்று வாயெடுத்தேன். கூப்பிட்டு அவள் வந்து, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வாயை மூடிக்கொண்டேன்.

ஆண்கள் வெளியே பேசிக்கொண்டே இருந்தார்கள். பெண்கள் பானகம் கொண்டுவந்து, என்னைத் தொடாமல், காரின் படியில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். ஊர் வீடுகளின் ஓட்டுக்கூரைகள் கண்ணுக்கெதிரே தெரிந்தன. நாங்கள் போய் இறங்க வேண்டிய வீடும் அவற்றில் ஒன்று. வந்த பாதை கல்லுக்குப் பின்னால் கிடந்தது. நான் தூளியை ஆட்டினேன்.

வெயில் சாய்ந்து மேகம் இறங்கியது. குளிர் ஏறியது. அவன் முகத்துப் பூச்சை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். சிவப்பு வெளுத்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத் தடவினால் தோல் வழவழவென்றிருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஊராருக்குக் காட்டினார்.

“ஆத்தா மொகத்தக் காமிச்சுட்டு எறங்கிட்டா” என்றார் நாட்டாமை.

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாமல் எல்லையை விட்டு அனுப்ப மாட்டார்கள். ஓடைத் தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மூன்று குடம் வந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், விரல் மரத்தது. கீழ்நாட்டு வெயிலில் வெந்நீரைத் தவிர வேறெதிலும் குளித்தறியாத பிள்ளை. கணவர் என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷ வேலைதானே, கல்லை எடுத்துவிடுவார்கள் என்றார். அவர் சொல்லி நான் மறுத்ததில்லை. என் கைகள் தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டன.

எடுத்த நான் கொடுக்கவில்லை. “பிள்ளைக்கு ஒண்ணுன்னா பத்தியம் யாரு இருக்கா? நான்தான இருக்கேன்” என்றேன். “அப்பத் தண்ணியவும் எனக்கே ஊத்துங்க.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடத்துக்காரி யோசித்துவிட்டு, “பால் குடிக்கிறவனுக்கு இவ ஒடம்புதான ஒடம்பு” என்றாள். நாட்டாமை தலையசைத்தார்.

பிள்ளையை யார் கையில் கொடுப்பது என்று பலாமரத்தைப் பார்த்தேன். தோழி அசையவில்லை. கணவரிடம் கொடுத்துவிட்டுப் பாதையோரம் உட்கார்ந்தேன். முதல் குடத்தில் மூச்சு நின்று போயிற்று. மூன்றாவது குடம் ஊற்றியது தெரியவேயில்லை.

கல்லை எடுத்தார்கள். ஊருக்குள் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. சிநேகிதர் காரைத் திருப்பினார்.

தோழி முன்னால் தன் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஈரச்சேலையோடு பின்னால். பிள்ளை பாலுக்கு அழுதான். இந்தக் குளிர் பாலில் இறங்காதா என்று பயந்து கொடுக்காமலிருந்தேன்; அவன் அழுகை தாளாமல் கொடுத்தேன்; பிறகு பயந்து எடுத்தேன். கூடலூரில் இறங்கியதும் மண்ணின் சூடு முகத்தில் அடித்தது. சேலை உடம்பிலேயே காய்ந்தது.

கம்பத்தை நெருங்கும்போது அவன் நெற்றியில் ஒவ்வொன்றாகச் சிவப்பு எழும்பத் தொடங்கியது. கழுத்திலும் எழும்பியது. சூட்டுக்கு வருகிறது, குளிருக்குப் போகிறது. வேர்க்குருதான். என் பிள்ளையின் உடம்பில் வேர்க்குருவைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரும் என்று நினைத்ததில்லை. அவனைத் தூக்கி முன்பக்கம் நீட்டினேன்.

“இங்கன பாரு, சூடு பட்டதும் திரும்ப வந்துருச்சு. வேர்க்குருதான்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, அந்தச் சிவப்பைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காரைக் கொஞ்சம் வேகமாக ஓட்டச் சொன்னாள் தன் கணவரிடம்.