துரைமார் கிளப்பின் கோல்

நான் வந்த பஸ் பளையில் நிற்கிறது. பக்கத்துப் பழைய சாமான் கடையில், மலையகத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் குடியேறிய பெண்ணொருவர் பில்லியட்ஸ் ஆடும் கோலொன்றை விற்க நிற்கிறார். அங்கே தேயிலைத் தோட்டத்து வெள்ளைத் துரைமாரின் கிளப்பில் வேலை செய்த தந்தைக்குப் பரிசாகக் கிடைத்ததாம். கடைக்காரர் அதை மேசையில் உருட்டுகிறார், சிறிதும் வளைவில்லை. கருங்காலிக் கைப்பிடியில் செய்தவர் பெயர் பொறித்த தந்தத் தகடு இருக்கிறது.

"நல்ல சாமான்தான். ஆனா தோட்டத்து ஆளுக்குத் துரை இதைச் சும்மா குடுப்பானோ? களவுச் சாமானுக்கு அரைவிலைதான், தங்கச்சி."



அந்தப் பெண் கோலைத் துணியில் சுற்றுகிறார். "களவுச் சாமான்னா ஒங்களுக்கு எதுக்குங்க ஐயா?"

"சரி, முழுவிலை தாறன்."

"மொதல்ல எங்கப்பா களவெடுக்கலன்னு சொல்லுங்க."

விலையை உடனே இரட்டிப்பாக்கிய மனிதர் காசை மட்டும் எண்ணி நீட்டுகிறார். அந்தப் பெண் கோலோடு பஸ் ஏறுகிறார்.